நான்கு பல், ஒரு முகவரி

மார்ச் 3, செவ்வாய்

இன்று காலை ஏழு மணிக்கு இந்த வீட்டின் குப்பைத் துறைக்கு முழுப் பொறுப்பேற்றேன். பதவிப் பிரமாணம், மாலை, மேளம் எதுவும் கிடையாது. ஃபிரிட்ஜ் கதவில் ஒரு அட்டவணை ஒட்டியிருக்கிறது. அதில் 'செவ்வாய் – குப்பை' என்பதற்கு நேரே என் பெயரின் தலையில் பச்சை மையால் ஒரு டிக். அவ்வளவுதான் நியமனம்.

டிக் அடித்தது ஆடிட்டர். என் மனைவியின் மகள், முதல் கல்யாணத்துப் பெண், இருபது வயது, காலேஜ் படிக்கிறாள். நான் எந்த எண்ணைச் சொன்னாலும் அதைப் பத்தால் வகுத்துவிட்டுத்தான் காதில் வாங்குவாள். அதனால் அந்தப் பட்டம். என்னை அவள் எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஒரு பஸ் ஸ்டாண்டே என்னை மாமா என்றது. என்னைவிடப் பத்து வயது மூத்த கண்டக்டர்கூட மாமா என்றார். இவளுக்கு மட்டும் நான் "இங்க பாருங்க".

இருபத்தெட்டு வருஷம் பஸ் ஸ்டாண்டில் மைக் பிடித்தவன் நான். என் குரல் கேட்டுத்தான் வண்டிகள் கிளம்பின. என் குரல் கேட்டு மேகங்கள் கிளம்பியதைப் பார்த்தவர்களும் உண்டு. அந்தக் குரல் ஐம்பத்து மூன்று வயதில் கல்யாணம் செய்து, கடல் தாண்டி மனைவியிடம் வந்து, ஐந்து மாதமாக இந்த வீட்டில் "கதவைத் தட்டலாமா?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறது.

ஆமாம், கதவு. இங்கே எல்லாக் கதவையும் தட்ட வேண்டும். ஃபிரிட்ஜில் ஆளுக்கொரு தட்டு. என்னுடையது கீழிருந்து இரண்டாவது. சோப்பு தனி. துண்டு மாட்டும் ஆணி தனி. மனைவிக்குக் காலை ஐந்து மணிக்கு வேலைக்குக் கிளம்ப வேண்டும். என் குறட்டை நான்கு தெரு தாண்டும். ஆகவே –

அறையும் தனி.

மார்ச் 4, புதன்

தனி அறை விஷயத்தை அக்காவிடம் சொல்லவில்லை. சொல்வதாகவும் இல்லை.

மார்ச் 8, ஞாயிறு

அக்கா போன் செய்தாள். இந்தக் கல்யாணத்தை முடித்து வைத்தவள் அவள்தான். அந்தக் கணக்கில் வாரம் ஒருமுறை விசாரணை நடத்துவாள்.

"எப்படிடா இருக்கீங்க ரெண்டு பேரும்?"

"ஜோடிப் புறா தோத்துச்சுக்கா. ஒரு நிமிஷம் என்னை விட்டு நகர மாட்டேங்குறா."

அந்த நேரம் என் மனைவி – இந்த நோட்டில் அவளுக்கு மேலிடம் என்று பெயர் – எதிர் நாற்காலியில் செய்தித்தாளை மடித்துவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு எழுந்து தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கோபத்தில் அல்ல. அவளுக்குத் தூக்கம் வந்தால் அப்படித்தான் போவாள். பொய் அவளுக்கு ஒத்துவராது, பக்கத்தில் நின்றால் தும்மல் வருகிற சாதி.

உண்மையைச் சொன்னால், தனி அறையில் எனக்கும் ஒரு சௌகரியம் உண்டு. என் மேல்வரிசை முன்பற்கள் நான்கும் என்னுடையவை அல்ல. படுக்கும்போது கழற்றி நீல டப்பாவில் தண்ணீரில் போட வேண்டும். இந்த வீட்டில் அந்தக் கோலத்தில் என்னை யாரும் பார்த்ததில்லை. மேலிடமே பார்த்ததில்லை. அந்தப் பற்களைச் செய்தவளே அவள்தான் என்பது வேறு விஷயம்.

மார்ச் 10, செவ்வாய்

குப்பை வெளியே போனது. கடிதம் உள்ளே வந்தது.

குடியேற்ற அலுவலகம். எனக்குக் கொடுத்திருக்கும் தற்காலிக அனுமதி முடியப்போகிறது. நிரந்தரமாக்க வேண்டுமானால் இந்தக் கல்யாணம் நிஜம் என்று அவர்களுக்கு நம்பிக்கை வர வேண்டும். மார்ச் 26 அன்று இருவரையும் தனித்தனியே விசாரிப்பார்கள். நம்பிக்கை வராவிட்டால் இருபத்தெட்டு நாளில் நான் நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். மறுபடி வர முடியாது.

ஆடிட்டர் இதைப் படித்துச் சொன்னாள். மேலிடம், "அதுக்கென்ன, போய் உள்ளதைச் சொல்லிட்டு வந்துரலாம்" என்று எழுந்து பாத்திரம் தேய்த்தாள்.

உள்ளதையா? உள்ளது என்ன இருக்கிறது சொல்ல? இரண்டு அறை. மூன்று சோப்பு. ஒரு டிக்.

மார்ச் 13, வெள்ளி

மேலிடம் சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டுப் போய்விட்டாள். அதைச் சுமந்துகொண்டு ஏழு கடல் ஏழு மலை தாண்டி (இரண்டு பஸ்) அவள் வேலை செய்யும் இடத்துக்குப் போனேன். பல் செய்யும் பட்டறை. வரிசையாக மேசைகள், ஒவ்வொரு மேசையிலும் ஒரு விளக்கு, விளக்கடியில் யாரோ ஒருவருடைய வாய். எட்டுத் திசையிலிருந்தும் பற்கள் என்னைப் பார்த்துச் சிரித்தன. நானும் மரியாதைக்குச் சிரித்து வைத்தேன்.

அவள் ரோஸ் நிறத் தகடு ஒன்றில் நகத்தின் அகலமுள்ள காகிதப் பட்டையை இடுக்கியால் வைத்து, மேலே கண்ணாடி போல எதையோ பூசிக்கொண்டிருந்தாள்.

"என்னது அது?"

"பேர்ப்பட்டை. முதியோர் இல்லத்துல ஒருத்தர் பல்ல இன்னொருத்தர் எடுத்து மாட்டிக்குவாங்க. எங்கயாவது தொலைச்சிருவாங்க. பேரும் அட்ரஸும் உள்ள இருந்தா திரும்ப வந்துரும்ல."

"என் பல்லு தொலைஞ்சா என்னைத் தேடி அதுவே நடந்து வந்துரும்."

பக்கத்து மேசைக்காரி எங்களைப் பார்த்து ஏதோ கேட்டாள். மேலிடம் பதில் சொன்னாள். "என்ன கேட்டாங்க?" என்றேன். "யாருன்னு கேட்டாங்க. வீட்டுக்காரர்னு சொன்னேன்" என்றாள், தகட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

வீட்டுக்காரர். அந்த வீட்டில் எனக்கு ஒரு தட்டு, ஒரு ஆணி.

மார்ச் 15, ஞாயிறு

ஆடிட்டர் பயிற்சி வகுப்பு நடத்தினாள். இப்படிப்பட்ட விசாரணைகளில் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளை எழுதி எடுத்து வந்திருந்தாள்.

"உங்க ஒய்ஃப் காலைல முதல்ல என்ன செய்வாங்க?"

"கிழக்கு பாத்து நின்னு எனக்கு நீண்ட ஆயுள் வேணும்னு –"

"அலாரத்தை அணைப்பாங்க. அம்மாவை எங்க பாத்தீங்க முதல்ல?"

"பொங்கி வர்ற வெள்ளத்துல ஒரு படகுல –"

"இங்க பாருங்க. விளையாடாதீங்க. உங்களை அனுப்பிட்டா அம்மா என்ன ஆவாங்கன்னு யோசிச்சீங்களா?"

அந்தக் கேள்வி அவள் தாளில் இல்லை.

மார்ச் 25, புதன்

நாளை. மேலிடம் என் சட்டையைத் தேய்த்து வைத்துவிட்டுச் சொன்னாள்: "ஒண்ணும் கூட்ட வேணாம், குறைக்க வேணாம். உள்ளதைச் சொல்லுங்க."

"சத்தியமா."

"சத்தியம்லாம் வேணாம். சொன்னா போதும்."

மார்ச் 26, வியாழன்

போச்சு.

நானே கெடுத்தேன். வாய் இருக்கிறதே இந்த வாய் – இதைத் தைத்துப் போட வேண்டும்.

சின்ன அறை. மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் மாட்டியிருந்த பெண் அதிகாரி. பக்கத்தில் மொழிபெயர்க்க நம் ஆள் ஒருவர். நான் ஐந்து நிமிஷம் பேசினால் அவர் அரைச் சொல்லில் முடிப்பார். அவருக்கு அரைச்சொல் என்று அங்கேயே பெயர் வைத்தேன், அந்த நிலைமையிலும்.

முதல் கேள்வி: வீட்டில் எங்கே தூங்குகிறீர்கள்? தனி அறை என்றுதான் சொல்ல வாயெடுத்தேன். அந்தம்மா பேனாவைத் தூக்கி வைத்துக்கொண்டு பார்த்தாள். தனி அறை என்றால் என்ன நினைப்பாள்? கணவன் மனைவியே இல்லை என்றுதானே? "ஒரே அறை. நான் இடப்பக்கம், அவ வலப்பக்கம். கையைக் கோத்துக்கிட்டுத்தான் தூங்குவோம்" என்றேன். அதற்கப்புறம் பிரேக் பிடிக்கவில்லை. மனைவி கொடுத்த பரிசு? ஒன்பது கல் மோதிரம். எங்கே? பெட்டகத்தில். முதலில் பார்த்தது? வெள்ளம். படகு. நான் துடுப்புப் போட்டேன். எங்கள் ஊரில் ஆறே கிடையாது.

அரைச்சொல் என்னை ஒருமாதிரி பார்த்துவிட்டு மொழிபெயர்த்தார்.

எனக்குப் பிறகு அவளைக் கூப்பிட்டார்கள். எட்டு நிமிஷத்தில் வெளியே வந்தாள். "சொல்லிட்டேன்" என்றாள். "நீங்க?"

"நானும்."

ஏன் அப்படிச் சொன்னேன்?

மார்ச் 28, சனி

என் தட்டில் இருந்ததை எடுத்துச் சாப்பிடப் பிடிக்கவில்லை. அம்மாவும் மகளும் எப்போதும் போலத்தான் இருக்கிறார்கள். அதுதான் தாங்கவில்லை.

மார்ச் 31, செவ்வாய்

மறுபடி கடிதம். ஏப்ரல் 7 அன்று இருவரும் சேர்ந்து வர வேண்டுமாம். ஏழு இடங்களில் எங்கள் பதில்கள் ஒத்துப்போகவில்லையாம். ஏழையும் பட்டியல் போட்டிருந்தார்கள். ஆடிட்டர் சத்தமாகப் படித்தாள். நல்ல குரல், கூட்டாமல் குறைக்காமல்.

"உறங்கும் இடம். கணவர்: ஒரே அறை, கை கோத்தபடி. மனைவி: தனி அறைகள், குறட்டை காரணமாக. மனைவி தந்த பரிசு. கணவர்: ஒன்பது கல் மோதிரம். மனைவி: நான்கு பற்கள்…"

வெள்ளம் வந்ததும் அவளே நிறுத்திக்கொண்டாள். எழுந்து தன் அறைக்குப் போய்விட்டாள்.

மேலிடம் கடிதத்தை எடுத்து மடித்தாள். ரொம்ப நேரம் மடித்தாள்.

"ஏங்க?"

"உள்ளதைச் சொன்னா நம்ப மாட்டாங்கன்னு…"

"ஏன் நம்ப மாட்டாங்க?"

"தனித்தனி ரூமு. தனித்தனி தட்டு. நீ வேலைக்குப் போற, நான் குப்பை போடுறேன். சொல்லிப் பாத்தா கல்யாணம் மாதிரியே இல்லம்மா."

அவள் அழுதால் பரவாயில்லை. அழவில்லை. "அப்ப இது என்னங்க? இந்த அஞ்சு மாசமா நாம இருக்கிறது?" என்றாள்.



இன்று குப்பையை வெளியே வைக்க மறந்துவிட்டேன். அவளே வைத்திருக்கிறாள்.

ஏப்ரல் 7, செவ்வாய்

முழுதாக எழுதிவிட வேண்டும். ஒன்றையும் கூட்டக் கூடாது. (கூட்ட வேண்டிய அவசியமும் இல்லை.)

அதே அறை, அதே சங்கிலிக் கண்ணாடி, அதே அரைச்சொல். மேலிடமும் நானும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. அதிகாரியம்மா நேராகப் பரிசுக்கு வந்தாள்.

"மோதிரமா பல்லான்னு கேக்குறாங்க" என்றார் அரைச்சொல்.

"பல்லுதாங்க. நாலு" என்றாள் மேலிடம். சொல்லிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். கெஞ்சவும் இல்லை, முறைக்கவும் இல்லை. பட்டறை விளக்கடியில் வேலையைப் பார்ப்பாளே, அந்தப் பார்வை.

ஐம்பத்து மூன்று வருஷமாகக் கட்டிக் காத்த கௌரவம் என் மேலண்ணத்தில் உட்கார்ந்திருந்தது. கட்டை விரலை உள்ளே விட்டேன். கழற்றினேன். மேசைமேல் வைத்தேன்.

அதிகாரியம்மா நாற்காலியை ஒரு சாண் பின்னால் தள்ளிக்கொண்டாள்.

பல் இல்லாத வாயில் பெரிய வார்த்தைகள் நிற்பதில்லை என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டேன். காற்றாகப் போகிறது. ஆகவே சின்ன வார்த்தைகளாகப் பொறுக்கிப் பொறுக்கிப் பேசினேன். வெள்ளம் இல்லை. அக்கா வீட்டுக் கூடம், சாயங்காலம். இவள் லீவில் வந்திருந்தாள். நான் சிரிக்கும்போதெல்லாம் கையால் வாயை மூடிக்கொண்டிருந்தேன். "எத்தனை பல்லு இல்ல?" என்று கேட்டாள். ஒன்று என்றேன். "நாலு" என்றாள். பிரேக் பிடிக்காத பஸ்ஸை முகத்தால் தடுத்து நிறுத்தியபோது போனவை என்றேன். நம்பவில்லை. மைக் முன்னால் தும்மினேன், ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்தவை மைக்கில் இடித்துப் போய்விட்டன என்றேன். அது உண்மை. அப்போது சிரித்தாள். மறுநாள் பக்கத்துப் பல் டாக்டரிடம் என்னைக் கூட்டிப்போய் என் வாயை அச்சு எடுக்க வைத்து, அந்த அச்சைக் கைப்பையில் வைத்துக்கொண்டு விமானம் ஏறினாள். இரண்டு மாதம் கழித்துப் பார்சலில் பல் வந்தது. அதற்குப் பிறகுதான் அக்கா கல்யாணப் பேச்சை எடுத்தாள்.

"தனி அறைதான். நான் குறட்டை விடுவேன். அவ அஞ்சு மணிக்குப் போகணும். போறதுக்கு முன்னாடி என் கதவைக் கொஞ்சமா திறந்து எட்டிப் பாத்துட்டுப் போவா. நான் தூங்குற மாதிரி கிடப்பேன். இவ்வளவுதான் எங்க கல்யாணம்."

மேலிடம் தலையைக் குனிந்துகொண்டாள். நான் விழித்திருப்பது அவளுக்குத் தெரியாது போல.

அரைச்சொல் மொழிபெயர்த்தார். முதன்முறையாக நான் பேசிய நீளமும் அவர் பேசிய நீளமும் சரியாக இருந்தன.

அதிகாரியம்மா ஏதோ கேட்டாள். பல்லை இவர் மனைவிதான் செய்தார் என்பதற்கு என்ன அத்தாட்சி என்கிறாளாம்.

"உள்ள பட்டை இருக்கு. தேதி போட்டிருப்பேன்" என்றாள் மேலிடம். தன் கைக்குட்டையால் அதை எடுத்தாள். வீட்டில் என் டப்பாவைத் தொடாதவள், பட்டறையில் எடுப்பதுபோல எடுத்து, ஜன்னல் பக்கம் திருப்பிக் காட்டினாள். பிறகு ஏதோ நினைவு வந்தவள் போலச் சட்டென்று கையைத் தாழ்த்தினாள். அதற்குள் அதிகாரியம்மா மேசை இழுப்பறையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்துவிட்டாள்.

உட்பக்கத்தில் அப்படி ஒரு பட்டை இருப்பதே எனக்குத் தெரியாது. கழற்றிய பல்லை நான் பார்ப்பதில்லை. கண்ணை மூடிக்கொண்டுதான் டப்பாவில் போடுவேன்.

அதிகாரியம்மா படித்தாள். கோப்பைப் புரட்டினாள். மறுபடி படித்தாள். அரைச்சொல் எட்டிப் பார்த்துவிட்டு எனக்குச் சொன்னார்:

"உங்க பேரு. தேதி – கல்யாணத்துக்கு மூணு மாசம் முந்தி. அப்புறம் திருப்பி அனுப்ப வேண்டிய அட்ரஸ். இந்த ஊர் அட்ரஸ் சார். இப்ப நீங்க இருக்கிற வீடு."

மூன்று மாதம் முந்தி. அப்போது நான் அவளுக்கு ஒரு பிளாஸ்டர் வாய். அவள் சம்மதம் சொல்லவில்லை, என்னை யாரும் கேட்கவே இல்லை. நான் அந்தப் பல்லைப் போட்டுக்கொண்டு ஊரெல்லாம் அறிவிப்பு சொல்லித் திரிந்திருக்கிறேன் – காணாமல் போனால் என்னை எங்கே சேர்க்க வேண்டும் என்ற விலாசம் என் வாய்க்குள்ளேயே இருந்திருக்கிறது.

ஏன் இந்த முகவரி, அப்போது இவர் இங்கே வரவே இல்லையே என்று அதிகாரியம்மா கேட்டாள்.

மேலிடத்தின் காது சிவந்துவிட்டது. "அவங்க ஊர் அட்ரஸ் நீளம்ங்க. பட்டையில அடங்கல" என்றாள்.

என் ஊர் முகவரி ஒன்றரை வரி. இந்த வீட்டு முகவரி மூன்று வரி. இரண்டும் கோப்பில் அடுத்தடுத்து இருக்கின்றன. அதிகாரியம்மா இரண்டையும் பார்த்தாள். பிறகு அவளைப் பார்த்தாள். அந்தப் பதிலை மட்டும் எழுதிக்கொள்ளவில்லை.

நான் பார்த்தவரை மேலிடம் சொன்ன ஒரே பொய்.

ஏப்ரல் 8, புதன்

நேற்று பஸ்ஸில் திரும்பி வந்தோம். இறங்கும் இடத்துக்கு முன்னால், "நிஜமா தூங்குற மாதிரி நடிக்கிறீங்களா தினமும்?" என்றாள். "ஆமா" என்றேன். "இனிமே கண்ணைத் திறங்க" என்றாள்.

இதை எழுத மறந்தால் நோட்டு வைத்திருப்பதே தண்டம்.

ஏப்ரல் 9, வியாழன்

திறந்தேன்.

ஏப்ரல் 17, வெள்ளி

வந்துவிட்டது! ஆடிட்டர் பிரித்தாள். கடிதம் முழுவதையும் படிக்காமல் கடைசி வரியைத் தேடிப் படித்தாள். அவளும் சில விஷயங்களில் சுருக்கம் பார்க்கிறாள். நிரந்தர அனுமதி. ஏழு இடங்களுக்கும் விளக்கம் ஏற்கப்பட்டதாம்.

மார்பில் ஐந்து வாரமாக உட்கார்ந்திருந்த மலை எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டது. நான் கூடத்தின் நடுவில் நின்று, பழைய குரலில், எல்லா வழித்தடங்களும் இயங்கும் என்று அறிவித்தேன். பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டினார்.

"பல்லைக் கழட்டிட்டு பேசினப்பதான் நம்புனாங்களாம்ல, அம்மா சொன்னாங்க" என்றாள் ஆடிட்டர்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்ன பல்லு?"

"தினமும் பாத்ரூம்ல நீங்க கழுவி வைக்கிற அந்த நீல டப்பாவை நகத்தி வச்சிட்டுத்தான் என் பிரஷ்ஷையே எடுக்குறேன். ஆறு மாசமா."

பிறகு ஜன்னலோரம் போய்ச் சிநேகிதியிடம் போனில் பேசினாள். காதில் விழுந்ததை உள்ளபடி எழுதுகிறேன்: "கிடைச்சிருச்சுடி. இனிமே எங்கயும் போக மாட்டாரு, எங்காளு."

எங்காளு. மாமாவை விட இரண்டு எழுத்து கூட.

ஏப்ரல் 19, ஞாயிறு

அக்கா விசாரணை. இன்று தயங்கவில்லை.

"அக்கா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். நாங்க தனித்தனி ரூம்லதான் படுக்குறோம்."

அவளை உடைத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

"தனி ரூமாடா?" என்றாள் கடைசியில், ரகசியம் போல. "குடுத்து வச்சவடா உன் பொண்டாட்டி. உன் மச்சான் குறட்டைல முப்பத்தாறு வருஷமா காது பஞ்சாப் போச்சு. தனி ரூம்னு ஒண்ணு கேட்டு வாங்கலாம்னு எனக்குத் தோணவே இல்ல பாரு."

பின்னால் மச்சான், "யாருக்குடி தனி ரூமு?" என்று கேட்டது காதில் விழுந்தது. அக்கா வீட்டில் இந்த வாரம் என்ன நடக்கப்போகிறதோ. நான் பொறுப்பில்லை.

ஏப்ரல் 21, செவ்வாய்

ஐந்து மணிக்குக் கதவு திறந்தது. விழித்திருந்தேன். பல் இல்லை. "போயிட்டு வரேன்" என்றாள். "ம்ம்" என்றேன்.

ஏழு மணிக்குக் குப்பை வெளியே வைத்தேன். இரண்டு மூட்டை. இரண்டே இரண்டுதான். ஆனால் ஒவ்வொன்றும் ஒரு யானைக்குட்டி கனம்.